மொட்டை அடிக்கவும் பூட்டி வைக்கவும் யாருக்கும் உரிமை இல்லை: போதைச் சிகிச்சையில் சட்டம் தரும் பாதுகாப்பு

பெங்களூர் அல்சூரில் இருக்கும் எங்கள் சித்தி மகன் நான்கு மாதம் ஒரு தனியார் 'சென்டரில்' இருந்துவிட்டுத் திரும்பியபோது தலை மொட்டையாக இருந்தது. கேட்டவர்களிடமெல்லாம் சித்தி, "திருப்பதி போயிட்டு வந்தான்" என்றார். ஊசிப் போதையை விடத்தான் அவனை அனுப்பினோம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று வெளியில் சொல்லக் கூசித்தான் அவர் திருப்பதியைச் சொன்னார். அந்த மொட்டை சட்டப்படி தவறு என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இதைப் படிக்கும் ஒரு குடும்பத்துக்காவது முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மனநோய் என்றால் என்ன என்று அது சொல்லும் இடத்திலேயே, மது, போதைப் பொருள் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளும் சேர்க்கப்பட்டுள்ளன. தெருவில் 'கஞ்சா கேஸ்', 'உருப்படாதவன்' என்று பேசப்படுகிறவர் சட்டத்தின் கண்ணில் ஒரு நோயாளி. நோயாளிக்கு உள்ள உரிமைகள் எல்லாம் அவருக்கும் உண்டு.

அந்த உரிமைகளில் நம் தெருக்களில் அதிகம் மீறப்படுவதைச் சொல்கிறேன். சிகிச்சை தரும் இடத்தில் ஒருவருக்குக் கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. அவருடைய சொந்த உடையை அவர் விரும்பினால் போட்டுக்கொள்ளலாம். வற்புறுத்தி வேலை வாங்கக் கூடாது. சங்கிலியால் கட்டுவது எந்த வடிவத்திலும் கூடாது. தனி அறையில் அடைத்து வைப்பதற்கும் தடை. சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல மருத்துவர் அனுமதித்து, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்னும்போது மட்டும், தேவையான நேரத்துக்கு உடல் அசைவைக் கட்டுப்படுத்தலாம். தினமும் அடித்துத் திருத்துவதெல்லாம் சிகிச்சை ஆகாது. என் தம்பிக்கு மொட்டை அடித்தது 'ஒழுக்கம் வரணும்' என்பதற்காகவாம். மூன்று வேளையும் பாத்திரம் கழுவியதும் அதற்காகத்தானாம்.

இன்னொன்று, சேர்க்கை. 'மூணு மாச பேக்கேஜ், ஆறு மாச பேக்கேஜ்' என்று அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பையனை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வயது வந்தவர் தானே சம்மதித்துச் சேர்வதுதான் முறை. அவர் சம்மதிக்காதபோது சேர்க்க வேண்டுமானால், அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது தன் சார்பில் பேச அவர் நியமிக்கும் ஆள், விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலையில் அவர் இருக்கிறார், அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கிறார் என்று இருவரும் முடிவு செய்ய வேண்டும். அதுவும் 30 நாள் வரைதான். அதற்கு மேல் என்றால் இந்தச் சட்டப்படி அமைக்கப்படும் மனநல ஆய்வு வாரியத்தின் அனுமதி தேவை. 'நல்லா திருந்துற வரைக்கும் இருக்கட்டும்' என்று நாம் தலையாட்டிவிட்டால் போதாது.

நியமனப் பிரதிநிதி என்றதும் பெரிய விஷயமோ என்று பயப்பட வேண்டாம். தெளிவாக இருக்கும் ஒரு நாளில் அவரே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அல்லது கைநாட்டு வைத்தால் போதும். சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம்பும் நண்பரையும் எழுதலாம்.

மருத்துவர் இல்லாத சென்டரில் உயிருக்கே ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாள்பட்டுக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், சில சமயம் உயிரும் போகலாம். ஹெராயின் போன்றவற்றைச் சில மாதம் விட்டிருந்தவர் பழைய அளவிலேயே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது. அடைத்து வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது இங்கேதான் தவறிப் போகிறது.

சரி, போலீஸ்? ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸ் ஆகிவிடும் என்ற பயம்தான் எங்கள் வீட்டில் ஒரு வருடத்தை விழுங்கியது. நோயாளியைப் பற்றிய தகவலை ரகசியமாக வைப்பது மருத்துவரின் கடமை. பிறர் உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைகளில்தான் விலக்கு. 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைப் பொருள் உட்கொண்டதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் அந்த வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு உண்டு. 'சிறிய அளவு' என்பது ஹெராயினுக்கு 5 கிராம், கஞ்சாவுக்கு 1 கிலோ. அதற்கு மேல் இருந்தால் இந்தப் பிரிவு காப்பாற்றாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கை ரத்து செய்யவும் முடியும். சிகிச்சை எடுக்கும் இடம் அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்துவதாக, அல்லது அங்கீகரித்ததாக இருக்க வேண்டும். பதிவில்லாத சென்டரில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த சீட்டு கோர்ட்டில் உதவாது. ஆகவே பணம் கட்டும் முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அங்கே போதைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. கன்னடம் தெரியாதே என்று தயங்க வேண்டாம், தமிழிலேயே கேளுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் அரசு மனநல நிலையங்களில் இலவசச் சிகிச்சை பெறும் உரிமையைச் சட்டம் தருகிறது. கையில் பிபிஎல் கார்டு இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. உடனே கிளம்பத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழில் பேசலாம். போதை மீட்புக்கென மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் இலவச எண் 14446.

காப்பீட்டை மட்டும் நம்பி இறங்காதீர்கள். உடல் நோய் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பல பாலிசிகளில் மது, போதைச் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்ற வரி இன்னும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தவறு நடந்தால் முதலில் அந்த நிலையத்தின் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் கொடுங்கள். சரியான பதில் வராவிட்டால் மனநல ஆய்வு வாரியம். வக்கீலுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. 15100இல் கூப்பிட்டால் சட்டப் பணிகள் ஆணையத்தின் இலவச உதவி கிடைக்கும். உள்ளே ஒருவரை அடிக்கிறார்கள் என்று தெரிந்தால் காத்திருக்காமல் அவசர எண் 112ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்வதையும், பெண் கொடுக்க மறுப்பதையும் இந்தச் சட்டம் தடுக்காது. அதை மறைக்க விரும்பவில்லை. சிகிச்சை தருமிடத்தில் கிடைக்க வேண்டிய மரியாதையைத்தான் அது உறுதி செய்கிறது.

ஓபிடி சீட்டு, மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். 64ஏ கேட்கப் போனால் அவைதான் சாட்சி. தம்பியின் சீட்டுகள் இப்போது சித்தி ரேஷன் கார்டு வைத்திருக்கும் அதே பிளாஸ்டிக் கவரில் இருக்கின்றன. முன்பெல்லாம் படித்த உடனே அடுப்பில் போட்டுவிடுவார்.