லயம் எந்த வரைபடத்தில் இருக்கும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தின் பழைய வரைபடத்தை விரிப்பவர்கள் முதலில் தேடுவது கோயிலையும், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தையும்தான். கையில் இருப்பது லாட் (நிலத்துண்டு) வரைபடம் என்றால் இரண்டும் அநேகமாக அகப்படாது. அது நில உரிமைக்காக அளந்து வரைந்தது. எல்லைக்கோடுதான் அதற்கு முக்கியம். கடைத்தெருவில் ஒற்றைக் கடைக்கும் தனி எண் இருக்கும். பட்டண எல்லையைத் தாண்டினால் ஆயிரம் ஏக்கர் தோட்டமும் ஒரே லாட்டாகக் கிடக்கும். உள்ளே எத்தனை குடும்பம் வாழ்ந்தாலும் தாளில் வெற்றிடம்தான்.

லயத்துக்கு, மேடுபள்ளம், சாலை, கட்டடம் காட்டும் நிலத்தோற்ற வரைபடம் வேண்டும். ஆனால் அளவுவீதத்தைக் கவனிக்காமல் அதைப் படிக்கக்கூடாது. பழைய தாள்களில் சங்கிலிக் கணக்கு: ஒரு சங்கிலி 66 அடி, 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ‘அங்குலத்துக்கு 8 சங்கிலி’ என்றால் 1:6,336. தாளில் 1 மி.மீ. என்பது தரையில் சுமார் 6.3 மீட்டர். ‘அங்குலத்துக்கு ஒரு மைல்’ என்றால் 1:63,360. அதே 1 மி.மீ. 63 மீட்டராகிவிடும். 30 மீட்டர் நீள லயம் அதில் அரை மி.மீ.கூட வராது என்பதால் கட்டடத்தைப் பெரிதாக்கிக் குறியீடாகப் போட்டிருப்பார்கள். நான்கு கறுப்புக் கோடுகளைப் பார்த்து நான்கு லயம் என்று எழுதிவிடாதீர்கள். இடத்தை நம்பலாம்; எண்ணிக்கையை நம்பக்கூடாது. கோயில் குறி இல்லாததும் கோயிலே இல்லை என்பதற்குச் சான்றாகாது.

பெரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), பால் ஸ்டோர் (ரப்பர் பால் சேர்க்கும் இடம்), ஆயாக் கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) போன்றவற்றுக்குத் தோட்ட ஆபீஸ் தனக்கென வைத்திருந்த வரைபடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். தோட்டம் கைமாறும்போது முதலில் தொலைவதும் அதுதான்.

தாளின் ஓரத்தில் அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு மூன்றும் வேறுபடலாம். அச்சு ஆண்டை மட்டும் குறித்துக்கொள்வதால்தான் பல ஊர் வரலாறுகள் பிசகுகின்றன. சுங்கை சிப்புட்டில் 1948 ஜூன் 16 அன்று தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிராக அவசரகாலம் வந்தது. 1950இல் பிரிட்டிஷ் ஆட்சி தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில் சிதறிக் கிடந்த குடியிருப்புகளை ஒன்றுகூட்டி வேலியிட்டார்கள். ஆகவே 1948க்கு முந்திய தாள் ஒன்றும் ஐம்பதுகளின் பிற்பகுதித் தாள் ஒன்றும் தேவை. பிறகு தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்ற துண்டாடல் லாட் எண்களையே மாற்றிவிட்டது. நில அலுவலகத்தில் தேடும்போது முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரே எண் வேறு முக்கிமிலும் இருக்கும்.

பழைய தாளை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்தக் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் போதும். தாளைத் தட்டையாக வைத்து 400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 400 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். 1:6,336 தாளில் ஒரு புள்ளி தரையில் 40 செ.மீ. ஆகும். சாய்வாக எடுத்த கைப்பேசிப் படத்தில் ஒரு பக்கம் சுருங்கிவிடும். பழைய தாளிலும் இன்றைய வரைபடத்திலும் ஒரே இடமாகத் தெரியும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் ஆறேழு வேண்டும். அவை நான்கு மூலைக்கும் பரவியிருக்கட்டும்; எல்லாம் கடைத்தெருவிலேயே குவிந்தால் தோட்டப்பக்கம் இழுபடும். ரயில்பாதையைச் சாலை கடக்கும் இடம், இரும்புப் பாலம் நல்ல புள்ளிகள். ஆற்று வளைவு வேண்டாம், ஆறு நகரும். மலாயாவின் பழைய நில அளவை அடிப்படையான கெர்டாவ் (Kertau) ஆள்கூறுகளை அப்படியே தட்டினால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். மென்பொருளில் கெர்டாவைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் தட்ட வேண்டும். தாளை வளைத்து இழுத்துப் பொருத்தும் ‘தின் பிளேட்’ முறை எல்லாப் புள்ளியையும் கச்சிதமாகப் பொருத்திக் காட்டும், தவறான புள்ளியையும் சேர்த்து. முதலில் ‘பாலினோமியல் 1’ முறையில் ஓட்டி, எந்தப் புள்ளி அதிகம் விலகுகிறதோ அதைத் தாளில் திரும்பப் பாருங்கள்.