திருப்பத்தின் வளைவும் தெருவோரப் பாத்தியும்

சேலம் டவுனில் சிக்னல் உள்ள ஒரு நாற்சந்தி. பூக்கூடையை இடுப்பில் அணைத்தபடி ஒரு பாட்டி சாலையைக் கடக்க நிற்கிறார். நேரே வரும் வண்டிகள் சிவப்பு விளக்குக்கு நின்றுவிட்டன. ஆனாலும் அவர் இறங்குவதில்லை. ‘ஃப்ரீ லெப்ட்’ என்று நமக்குப் பழகிப்போன இடப்பக்கத் திருப்பத்தில் வண்டிகள் நிற்காமல் வந்துகொண்டே இருக்கின்றன. அவருடைய பயம் நியாயமானது; அதன் காரணம் அந்த மூலையின் வடிவத்தில் இருக்கிறது.

வளைவில் திரும்பும் வண்டியைச் சறுக்காமல் பிடித்து நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. அதற்குத் தேவையான விசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் வளைவின் ஆரத்துக்கு எதிர்விகிதத்திலும் அமைவதால், ஆரத்தை நான்கு மடங்காக்கினால் ஓட்டுநர் அதே சிரமத்தில் இரு மடங்கு வேகத்தில் திரும்பிவிட முடியும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் திரும்புபவர், ஆபத்தை உணர எடுக்கும் ஒரு விநாடியையும் சேர்த்து, ஏறத்தாழ ஐந்தரை மீட்டரில் நின்றுவிடுவார். 30 கி.மீ. வேகத்தில் வருபவருக்கு அந்த ஒரு விநாடியிலேயே 8 மீட்டர் கடந்துபோகிறது. அதே ஐந்தரை மீட்டர் தூரத்தில் நிற்கும் பாட்டியின் மீது, பிரேக்கில் கால் படும் முன்பே மோதியிருப்பார், அதுவும் நான்கு மடங்கு ஆற்றலோடு. ‘மெதுவாகச் செல்லவும்’ என்ற பலகையை விட ஓரக்கல்லின் வளைவுக்கே ஓட்டுநர் கீழ்ப்படிகிறார்.

ஆகவே மூலையில் ஓரக்கல்லைச் சாலைக்குள் 2 மீட்டர் நகர்த்தி, வளைவைச் சுருக்க வேண்டும். இரு பக்கமும் அப்படிச் செய்தால் 14 மீட்டர் அகலச் சாலை 10 மீட்டராகும்; விநாடிக்கு ஒரு மீட்டர் நடப்பவருக்கு நான்கு விநாடி மிச்சம். பஸ் போன்ற நீண்ட வண்டிகள் திரும்ப வேண்டிய இடத்தில், குறுக்குச் சாலையின் நிறுத்தக்கோட்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினால் போதும்.

இப்படி மீண்ட இடத்தை வெறும் சிமென்ட்டால் மூடுவது வீண். சேர்வராயன், கஞ்சமலை, ஜருகுமலை என்று மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் சேலம் இருக்கிறது; மழை பெய்தால் தெருத் தண்ணீர் தாழ்வைத் தேடி ஓடி, அதில் பெரும்பகுதி திருமணிமுத்தாற்றில் சேர்கிறது. அந்த இடத்தில் ஒரு செடிப் பாத்தியைச் சாலை மட்டத்துக்குக் கீழே அமைத்து, ஓரக்கல்லில் ஒரு திறப்பு விட்டால், அந்த நீரில் ஒரு பங்கு உள்ளே இறங்கும். அடியில் ஜல்லியும் அதன்மேல் மணல் கலந்த மண்ணும் இருந்தால் ஓரிரு நாளில் வடிந்துவிடும். கொசு முட்டையிட்டு வளர அந்த அவகாசம் போதாது.

செடி முழங்கால் உயரத்தைத் தாண்டக் கூடாது. கடக்க நிற்கும் குழந்தையின் தலை ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும். வறட்சியைத் தாங்கும் நித்தியகல்யாணி இதற்கு நல்ல தேர்வு. கீரை மட்டும் வேண்டாம்: டயர் தேய்மானத்தின் துத்தநாகமும், 2000ஆம் ஆண்டு வரை விற்ற ஈயம் கலந்த பெட்ரோலின் எச்சமும் சாலையோர மண்ணில் தங்கியிருக்கலாம். கீரைப் பாத்தியைப் போக்குவரத்து குறைந்த உள்தெருவில், புது மண் நிரப்பிய தொட்டியில் போடலாம்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஓரக்கல் திறப்பில் அடைத்த பிளாஸ்டிக் பைகளையும் வண்டலையும் அள்ளிவிட வேண்டும்; திறப்பு அடைபட்டால் தண்ணீர் பாத்திக்குள் இறங்காமல், பாட்டி இறங்கும் அதே இடத்தில் தேங்கி நிற்கும்.