ஆபீஸ்ல பாட்டு வைக்கிறீங்களா, முதல்ல போட்டியை எடுத்துடுங்க

பதினோரு வருஷமா கம்பெனிகளுக்குப் போய் சேர்ந்து பாடுற வொர்க்‌ஷாப் எடுத்துட்டு இருக்கேன், சென்னை, ஒரகடம், கோயம்புத்தூர்னு சுத்தறதுதான் வேலை. ஹெச்ஆர்ல இருந்து போன் வந்தா பெரும்பாலும் ஒரே கேள்விதான், "மேடம், நாலு டீமா பிரிச்சு அந்தாக்ஷரி வெச்சு, கடைசில எம்.டி. கையால பரிசு குடுத்துடலாமா?" வேண்டாம்னு சொல்லுவேன். ஏன்னு கேட்டா ஒரு கதை சொல்லுவேன், அதை இங்கயும் சொல்லிடறேன்.

இந்த வேலைக்கு வந்த புதுசுல ஒரு கம்பெனில நானே அப்படித்தான் நடத்தினேன். அக்கவுன்ட்ஸ்ல இருந்த ஒரு அக்கா டீமுக்காக எழுந்து பாடினாங்க, மேல் ஸ்தாயில குரல் உடைஞ்சுது, எதிர் டீம் சிரிச்சுது, மார்க் போட்டுட்டு இருந்த மேனேஜரும் சிரிச்சார். அந்த அக்கா உக்காந்தவங்க அதுக்கப்புறம் வாயே திறக்கல. சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல போய் உக்காந்தேன், "ஸ்கூல்லயே டீச்சர் என்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்லிட்டாங்க மேடம், இன்னைக்குத்தான் திரும்ப ட்ரை பண்ணேன்"னாங்க. ஒரு மனுஷிய முப்பது வருஷம் கழிச்சு மறுபடியும் ஊமையாக்கி அனுப்பிட்டேனேன்னு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. அதோட போட்டியை நிறுத்தினேன்.

சேர்ந்து வேலை செய்றவங்க சேர்ந்து பாடறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை. ஏத்தம் இறைக்கறவங்க பாட்டுலயே எண்ணிக்கை வெச்சிருந்தாங்க, எத்தனை சால் தண்ணி பாய்ஞ்சுதுன்னு பாட்டே கணக்கு சொல்லிடும். நடவுல பாட்டு உண்டு, படகு தள்ளுறப்ப ஐலசா உண்டு. ஐலசால யாரும் நல்லா பாடறாங்களான்னு பாக்கறதில்லை, எல்லாரும் ஒரே நொடியில மூச்சைப் பிடிச்சுத் தள்ளணும், அதுக்குத்தான் அந்தச் சத்தம். சென்னையில 1970கள்ல எம்.பி.சீனிவாசன் இளைஞர் சேர்ந்திசைக் குழு நடத்தினார், சினிமா இசையமைப்பாளர், அதே சமயம் சினிமாத் தொழிலாளர்களுக்கு சங்கம் கட்டுனதுல முன்னாடி நின்னவர். சங்கத்துக்கு ஆள் திரட்டினவரே குரல்களையும் திரட்டினார்ங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அவர் 1988ல லட்சத்தீவுல பாட்டு வேலையா போன இடத்துலதான் இறந்தார்.

இப்ப நான் செய்றது என்னன்னா, முதல் இருபது நிமிஷம் பாட்டே கிடையாது. கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்களை வாயாலயே சொல்றது. ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாக ஃபேக்டரில நடந்ததைச் சொல்றேன், கேன்டீன்ல மேஜையெல்லாம் ஓரமா தள்ளிட்டு இருபத்தெட்டு பேர் வட்டமா நின்னோம், தகட்டை அழுத்திப் பார்ட் செய்ற ப்ரெஸ் ஷாப், குவாலிட்டி, டிஸ்பேட்ச் மூணு டிபார்ட்மென்ட், பாதிப் பேர் தமிழ், மீதி ஒடிசா, பீகார் பசங்க. பாதி வட்டத்துக்கு "தகிட", மூணு எண்ணிக்கை. மறுபாதிக்கு "தகதிமி", நாலு எண்ணிக்கை. ரெண்டு பக்கமும் ஒரே வேகம், ஆனா ஒவ்வொரு "த"லயும் கைதட்டணும். தகிட பக்கம் நாலு தடவை சொல்லி முடிக்கறப்ப தகதிமி பக்கம் மூணு தடவை முடிச்சிருப்பாங்க, பன்னெண்டு எண்ணிக்கை ஆச்சா, அடுத்த "த" ரெண்டு பக்கமும் ஒண்ணா விழணும்.

விழவே இல்லை. ஏன்னா எதிர் பக்கத்தை அமுக்கணும்னு எல்லாரும் கத்தறாங்க, கத்தக் கத்த வேகம் ஏறுது. மெதுவா சொல்லுங்க, எதிர்ல இருக்கறவங்க குரல் உங்க காதுல விழற அளவுக்கு மட்டும் சத்தம் வைங்கன்னு சொன்னேன். ஆறாவதோ ஏழாவதோ தடவை விழுந்துது, இருபத்தெட்டு கை ஒரே தட்டு. அப்ப குவாலிட்டில இருந்த ஒரு தம்பி, "மேடம், நாங்க பார்ட் ரிஜெக்ட் பண்ணா ப்ரெஸ் ஷாப்காரங்க என்ன சொல்றாங்கன்னு கேக்கறதே இல்லை, இதே மாதிரிதான்"னு அவனாவே சொன்னான், ப்ரெஸ் ஷாப் சூப்பர்வைசர் அண்ணன் தலையாட்டினார். அதுக்கு மேல நான் விளக்கம் சொல்லவே வேண்டியிருக்கல. இன்னொண்ணு, கொன்னக்கோல்ல ஒடியாக்காரன் தமிழ்க்காரன்னு யாருக்கும் முன்னுரிமை கிடையாது, எல்லாருக்குமே அது புது பாஷை.

அப்புறம்தான் பாட்டு. இங்க சுருதி, அதாவது பாட்டை எந்த உயரத்துல வைக்கறோம்ங்கறது, ரொம்ப முக்கியம். அந்த உயரத்தைக் கட்டைக் கணக்குல சொல்லுவாங்க. பெண்களுக்கு அஞ்சு கட்டை சுகமா இருக்கும், ஆண்களுக்கு ஒண்ணு, ஒன்றரை, ஏதாவது ஒண்ணுல வெச்சா ஒரு பக்கம் தொண்டை கிழியும், இல்ல அடிக்குரல்ல முனகும். அதனால அஞ்சாறு ஸ்வரத்துக்குள்ள அடங்குற மெட்டா எடுத்து நடுவுல வெச்சுக்கறேன். சாமி பாட்டு வேண்டாம், கட்சி வாசனை அடிக்கற பாட்டும் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் குழுவுல ஒருத்தர் அவங்க ஊர்ப் பாட்டுல ரெண்டு வரி சொல்லிக் குடுப்பாங்க, மத்தவங்க திருப்பிப் பாடணும். ஒடிசா தம்பி ஒருத்தன் சொல்லிக் குடுத்தப்ப அவனோட லைன் இன்சார்ஜ் உச்சரிப்பு தப்பிட்டே இருந்தார், அவன் பொறுமையா மூணு தடவை திருத்தினான். ஃப்ளோர்ல அவர்தான் அவனைத் திருத்துவார்.

சேர்ந்து பாடறது ஆளுங்களை சீக்கிரமா ஒட்ட வைக்கும்ங்கறதுக்கு ஆய்வும் இருக்கு. 2015ல வெளியான ஒரு ஆய்வுல, இங்கிலாந்துல பாட்டு, கைவினை, கதை எழுதறது இப்படி மூணு வகை வகுப்புல சேர்ந்தவங்களை ஏழு மாசம் கவனிச்சாங்க, பாட்டு வகுப்புக்காரங்க ஆரம்பத்துலயே வேகமா நெருங்கிட்டாங்க. ஆனா கடைசில பாத்தா மூணு வகுப்புலயும் நெருக்கம் ஏறக்குறைய ஒண்ணுதான். இந்த ரெண்டாவது பாதியை கம்பெனிகள்கிட்ட நான் கண்டிப்பா சொல்லிடுவேன். பாட்டு கதவைத் திறக்கும், அவ்வளவுதான், சம்பளம் தாமதமாகுது, ஓவர்டைம் கணக்கு தப்பா வருதுன்னா எந்த ராகமும் அதைச் சரி பண்ணாது. ஆளை வீட்டுக்கு அனுப்பின அடுத்த வாரம் மனநிலையைத் தூக்கிவிட ஒரு செஷன் வைங்கன்னு ஒரு இடத்துல கேட்டாங்க, முடியாதுன்னுட்டேன். அங்க பாடச் சொன்னா அது அவமானம்.

மேனேஜர் வரணும், வந்தா வட்டத்துல நிக்கணும், நாற்காலி போட்டு உக்காந்து பாக்கறது கிடையாது. பாட விருப்பம் இல்லாதவங்களை யாரும் இழுக்கக் கூடாது, தாளம் மட்டும் போடட்டும், சும்மா நின்னாலும் சரி. போன் எல்லாம் ஒரு பெட்டில, வீடியோ எடுத்து கம்பெனி பேஜ்ல போடற எண்ணம் இருந்தா கூச்சப்படற ஆள் அன்னைக்கு லீவு போட்டுடுவார். ஒரு நாள் முழுக்க வைக்கறதை விட வாரம் ஒரு மணி நேரமா ஆறு வாரம் வைங்க, நான் பார்த்த வரைக்கும் மூணாவது வாரத்துலதான் கொஞ்சம் கூச்சம் விடுது.

அந்த ஒரு மணி நேரம் ஷிஃப்ட்டுக்குள்ளயே இருக்கணும், இதுல நான் விட்டுக் குடுக்கறதே இல்லை. ஷிஃப்ட் முடிஞ்சு ஆறு மணிக்கு வெச்சா கம்பெனி பஸ் போயிடும்னு பாதிப் பேர் கண்ணு கடிகாரத்துலயே இருக்கும், பெண்கள் வீட்டுல குழந்தையை யார் பாக்கறாங்கன்னு கவலைல நிப்பாங்க. மதியச் சாப்பாடு முடிஞ்ச கையோடயும் வேண்டாம், வயிறு நிறைஞ்சா மூச்சு இறங்காது. காலைல டீ டைம் முடிஞ்சதும் குடுங்க, ஒரு பாட்டில் வெதுவெதுப்பான தண்ணியும் வெச்சிடுங்க, போதும்.