பிறர் பார்வையும் தன்னறிவும்

பெங்களூரில் தமிழ் பேசுவோருக்கு மனநல ஆலோசனை வழங்கும் நான் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை: "யாருமே இல்லாத இடத்துக்குப் போய், நான் யாரென்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்." சேலத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ வந்து, ஒயிட்ஃபீல்டில் வேலை பார்த்துக்கொண்டு வாடகை அறையில் தனித்திருக்கும் இளைஞர்களே பெரும்பாலும் இப்படிச் சொல்கிறார்கள். ஊரார் கண்ணை விட்டு விலகி வந்தும் தெளிவு கிடைக்காததால், இன்னும் கூடுதலான தனிமைதான் மருந்து என்று நம்பிவிடுகிறார்கள்.

மனிதன் தன் தேர்வுகளால்தான் தன்னை உருவாக்கிக்கொள்கிறான் என்னும் தத்துவமான இருத்தலியல் இந்த நம்பிக்கையை ஏற்பதில்லை. "நரகம் என்பது மற்றவர்களே" என்ற, 1944இல் மேடையேறிய நாடகத்தின் வரியால்தான், அதை எழுதிய பிரெஞ்சு இருத்தலியல் சிந்தனையாளர் ழான் பால் சார்த்தரைப் பலர் அறிவார்கள். ஆனால், உறவுகள் திரிந்து கெடும்போதுதான் மற்றவர் நரகமாகிறார் என்று அவரே பின்னாளில் விளக்கியிருக்கிறார். 1943இல் வெளிவந்த 'இருத்தலும் இன்மையும்' நூலில், சாவித் துவாரத்தின் வழியே அறைக்குள் எட்டிப் பார்க்கும் ஒருவனை அவர் காட்டுகிறார். காட்சியில் மூழ்கித் தன்னையே மறந்திருந்தவன், பின்னால் காலடிச் சத்தம் கேட்ட கணத்தில், ஒளிந்து பார்ப்பவனாகத் தன்னை உணர்ந்து கூசிப்போகிறான். தன்னைப் பற்றிய எந்த உண்மையும் மற்றவர் வழியாகவே கிடைக்கிறது என்று 1945இல் பாரிசில் ஆற்றிய உரையிலும் அவர் வலியுறுத்தினார். தன்னைப் பொறுமைசாலி என்றே நம்பியிருக்கும் ஒரு தகப்பன், தான் வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுவதை மனைவி எடுத்துச் சொன்ன பிறகே தன் கோபத்தைக் காண்பது எங்கள் தொழிலில் அரிதன்று.

அதற்காகப் பிறர் சொல்லே தீர்ப்பாகிவிடாது. 'எதற்கும் லாயக்கில்லாதவன்' என்று சிறுவயதில் கேட்ட சொல்லை முப்பது வயதிலும் தன் இயல்பாகச் சுமப்பவர், இனி எப்படி வாழ்வது என்று தேர்ந்துகொள்ளும் சுதந்திரத்தைத் தானே மறைத்துக்கொள்கிறார். சார்த்தர் இதைத் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது என்பார். எல்லாப் பார்வைகளுக்கும் ஒரே பலம் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆண்களின் கண்கொண்டே தன்னைப் பார்க்கப் பெண் பழக்கப்படுகிறாள் என்று பிரெஞ்சுப் பெண்ணியச் சிந்தனையாளர் சிமோன் தி பொவ்வா 1949இல் எழுதியது, மாமியார் வீட்டில் ஒவ்வொரு அசைவுக்கும் விமர்சனம் கேட்கும் இளம்பெண்ணுக்கு இன்றும் பொருந்துகிறது.

ஆகவே என்னிடம் வருபவரிடம், அவர் மறுத்துப் பேசினாலும் உறவை முறித்துக்கொள்ளாத ஒருவரைத் தேடச் சொல்கிறேன். அப்படிப்பட்டவரின் சொல்லே கேட்கத் தகுந்தது. அவமதிப்பும் அடியும் இருக்கும் வீட்டில் தன்னறிவைத் தேட வேண்டாம். அங்கே முதல் தேவை பாதுகாப்பு. பேச ஒருவரும் இல்லை என்ற நிலையில், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.