சேலையைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஏக்கர் கணக்கு

"பெண்ணுக்குக் கீழே வேலை செய்து எங்கட ஆக்களுக்குப் பழக்கமில்லை." பயிற்சிப் பட்டறைகளில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார். வேறு ஊரில் சொன்னால் ஒருவேளை தலையாட்டலாம், இலங்கையின் வடக்கில் போர் நடந்த வன்னியில் இந்தச் சாட்டு எடுபடாது. போர் உக்கிரமாக நடந்த காலத்தில் முல்லைத்தீவு அரச அதிபராக, அதாவது மாவட்ட நிர்வாகத்தின் தலைமையில், இருந்தவர் திருமதி இமெல்டா சுகுமார். 2009இல் இலட்சக்கணக்கான சனம் செட்டிகுளம் முகாம்களுக்குள் வந்து இறங்கியபோது வவுனியா அரச அதிபர் திருமதி பி.எஸ்.எம். சார்ள்ஸ். அவர் பிறகு வடக்கு மாகாண ஆளுநராகவும் இருந்தார். திருமதி ரூபவதி கேதீஸ்வரன் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் அரச அதிபராக இருந்திருக்கிறார். ஆக, மேசைக்கு மேல்பக்கத்தில் ஒரு பெண் இருப்பது இங்கே புதினம் இல்லை.

ஆனால் அந்த உயரத்துக்குக் கீழே இருக்கிற பெண்களின் கதை வேறு. நான் வளவாளராக நடத்தும் தலைமைத்துவப் பயிற்சிகளுக்குக் கிராம அலுவலர்கள், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், பலநோக்குக் கூட்டுறவுச் சங்க முகாமையாளர்கள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவிகள், பிரதேச சபை உறுப்பினர்கள் என்று பலர் வருகிறார்கள். நிகழ்ச்சி நிரலில் திட்டமிடல், நிதி, முரண்பாட்டு முகாமை எல்லாம் இருக்கும். தேநீர் இடைவேளையில் அவர்கள் பேசுவது ஒன்றைப் பற்றித்தான்: நேற்றுத் தங்கள் உடுப்பைப் பற்றி, நிறத்தைப் பற்றி, மெலிவைப் பற்றி யார் என்ன சொன்னார் என்பது.

தண்ணீர் குறைவான சிறுபோகத்துக்கான ஒரு பயிர்ச்செய்கைக் கூட்டத்தைச் சொல்கிறேன். ஆளும் குளமும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். கமக்கார அமைப்பின் பிரதிநிதிகள் கட்டிடம் நிறைய இருக்கிறார்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அதை வைத்து எத்தனை ஏக்கருக்கு நெல் விதைக்கலாம், மிச்சத்துக்குப் பயறோ கௌபியோ போடலாமா என்று பொறுப்பான உத்தியோகத்தர் கணக்குக் காட்டுகிறார். வயது முப்பதுக்குள். பின்வரிசையில் இருந்து ஒரு பெரியவர் எழும்பினார். "பிள்ளை நல்ல வடிவாச் சேலை கட்டி வந்திருக்கு. ஆனா வயல் தண்ணியைப் பற்றிச் சேலைத் தலைப்புக்குத் தெரியாது." மண்டபம் சிரித்தது. தலைமை தாங்கியவரும் சிரித்தார். அதற்குப் பிறகு ஏக்கர் கணக்கைப் பற்றி யாரும் உருப்படியாகக் கதைக்கவில்லை. கால்வாயின் கடைசியில் வயல் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு முக்கியம், அவர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பிள்ளை பஞ்சாபி போட்டு, தலைமயிரை இழுத்துக் கட்டிக்கொண்டு, வாய்க்கால் பார்த்த கையோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். காலில் கிறவல் புழுதி. அன்று வந்த விமர்சனம்: "பெரியாக்கள் இருக்கிற கூட்டத்துக்கு வாற மரியாதை தெரியேல்லை."

இதனால்தான் "பெண் அதிகாரிகள் எப்படி உடுத்தவேண்டும்" என்று ஒரு அமர்வு வையுங்கள் என்று யாராவது கேட்டால் நான் மறுத்துவிடுகிறேன். சரியான உடுப்பு என்று ஒன்று இருந்தால் அல்லவா சொல்லிக்கொடுக்கலாம்! சேலை கட்டினால் அலங்காரம், பஞ்சாபி போட்டால் மரியாதைக் குறைவு, காற்சட்டை என்றால் திமிர். அரசாங்கமே இதில் ஒரு நிலையில் நின்றதில்லை. 2019இல், ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு, அரச அலுவலகங்களில் பெண்கள் சேலை அல்லது ஒசரிதான் (கண்டியச் சேலை) உடுத்தவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்புக் கிளம்ப அதை மாற்றினார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் போக்குவரத்துக்கு வசதியான, அலுவலகத்துக்குப் பொருத்தமான உடையோடு வரலாம் என்றார்கள். அதே வருடம் சில ஆசிரியைகள் சேலை இல்லாமல் பாடசாலைக்குப் போனபோது, நாடு முழுக்க அதுவே பெரிய விவாதம். எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்டுக்கு அவ்வளவு நேரம் எங்கிருந்து வந்தது என்று நான் அப்போது யோசித்ததுண்டு.

வன்னியில் தோற்றத்துக்கு இன்னொரு பாரமும் இருக்கிறது, வெளியில் இருந்து வரும் பயிற்சிக் கையேடுகளில் அது இராது. கட்டை முடி வெட்டிய நடுத்தர வயதுப் பெண்ணைப் பார்த்தால், முன்னாள் போராளியோ என்று இங்கே கண்கள் உடனே ஒரு பழைய கணக்கைப் போடும். 2009க்குப் பிறகு எத்தனையோ பேர் முடியை வளர்த்து, பூ வைத்து, கண்ணாடி வளையல் போட்டது அழகுக்காக மட்டும் இல்லை, கூட்டத்தில் கரைந்துபோவதற்காகவும்தான். நெற்றியிலோ கையிலோ எறிகணைத் தழும்பு இருந்தால், நேர்முகத் தேர்வில் தகைமையைக் கேட்க முதல் "இது எங்க பட்டது?" என்று கேட்கிறார்கள். பதில் சொன்னாலும் சிக்கல், சொல்லாவிட்டாலும் சிக்கல்.

பொட்டு இன்னும் கடினம். துணையை இழந்தோ, காணாமற்போனவரைத் தேடிக்கொண்டோ குடும்பத்தைத் தலைமை தாங்கும் பெண்கள் இங்கே ஏராளம். சங்கங்களைத் தூக்கி நிறுத்தியவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். பொட்டு வைத்தால் "ஆருக்காக?" என்று கேட்பார்கள், வைக்காவிட்டால் நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்கவேண்டாம் என்பார்கள். ஒரு சங்கத் தலைவி கடன் திட்டத்துக்கு ஓடித்திரிந்து, காணி எடுத்து, கட்டிடம் எழுப்பினார். திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்ற ஐந்து பேரை மேடைக்குக் கூப்பிட்டார்கள், அதில் அவர் பெயர் இல்லை. யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. அழைப்பிதழ் எழுதியவரின் கை தானாகத் தவிர்த்துவிட்டது. காணாமற்போன கணவருக்காக இன்னும் பொட்டு வைத்திருக்கிற பெண்ணிடம் போய், "இனி என்னத்துக்கு?" என்று அலுவலகத்தில் கேட்கிறவர்களைப் பற்றி எழுதவே கை கூசுகிறது.

விழா என்றதும் இன்னொன்று. பிரமுகர் வரும் நாளில் வாசலில் பன்னீர்ச் செம்போடும் சந்தனத் தட்டோடும் நிற்பது யார் என்று பாருங்கள். அலுவலகத்தில் இளமையாக, "பார்க்க நல்லா" இருக்கும் பெண் உத்தியோகத்தர்கள். திட்டத்தின் புள்ளிவிபரம் அவர்களிடம்தான் இருக்கும். உள்ளே அதை வேறொருவர் தட்டுத்தடுமாறி வாசித்துக்கொண்டிருப்பார்.

"நல்லா இருக்கிறியள் எண்டு சொல்லுறதும் குற்றமோ?" என்று ஆண்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தேநீர் குடிக்கும்போது, பழகிய ஒருவர் புதுச் சேலையைப் பாராட்டினால் அதில் ஒன்றும் இல்லை. அதே வாக்கியத்தை அந்தப் பெண் அறிக்கை வாசித்து முடித்த உடனே சொன்னால், அறிக்கையைத் தூக்கி ஓரத்தில் வைக்கிறீர்கள். சந்தேகம் வந்தால் நீங்கள் "சேர்" என்று கூப்பிடும் ஆண் அதிகாரியை வைத்துச் சோதித்துப் பாருங்கள். "சேர், இந்த நீலச் சேட்டில நல்ல வடிவா இருக்கிறியள். சரி, பாதீட்டை வாசியுங்கோ." சொல்ல வாய் வருமா? அவுஸ்திரேலியாவில் கார்ல் ஸ்டெஃபானோவிச் என்ற காலை நேரத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஏறக்குறைய ஒரு வருடம் ஒரே நீலச் சூட்டைப் போட்டுக்கொண்டு திரையில் வந்தார். கூட வேலை செய்யும் பெண்களின் உடையைப் பற்றி வரும் விமர்சனங்களைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் செய்தார். 2014இல் அவராகச் சொல்லும்வரைக்கும் பார்வையாளர் எவரும் கண்டுகொள்ளவில்லை.

இது நம் ஊர்ப் பிற்போக்கு மட்டும்தான் என்று நினைக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் ஆன் ஹொப்கின்ஸ் என்ற பெண், ப்ரைஸ் வோட்டர்ஹவுஸ் கணக்காய்வு நிறுவனத்துக்குப் பெரிய ஒப்பந்தங்களைக் கொண்டுவந்து சேர்த்தவர். பங்காளராகும் வாய்ப்பு அவருக்குத் தள்ளிப்போனது. இன்னும் பெண்மையாக நட, உடுத்து, ஒப்பனை போடு, நகை அணி என்பதுதான் அவருக்குக் கிடைத்த அறிவுரை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. பெண் இப்படித்தான் இருக்கவேண்டும் என்ற அச்சை வைத்துப் பதவி உயர்வைத் தீர்மானிப்பதும் பாரபட்சம்தான் என்று 1989இல் தீர்ப்பு வந்தது.

முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் பெண்களோடு பேசியபோது ஒன்றைக் கவனித்தேன். களத்தில் பாதுகாப்பு அங்கி, முகக்கவசம், முழங்காலில் இருந்து செய்யும் வேலை. அணிக்குப் பொறுப்பான பெண்ணின் நிறத்தையோ பொட்டையோ பற்றி அங்கே கதை இல்லை. எத்தனை சதுர மீற்றர் துப்புரவாக்கினார்கள், விதிமுறை பிசகியதா என்பதுதான் பேச்சு. (மாலையில் ஊருக்குப் போனதும் "வெயிலில கறுத்துப்போனாய், ஆர் கட்டுவான்?" என்பது தொடங்கிவிடும், அது தனிக்கதை.) வேலையை அளக்க ஒரு கோல் இருக்கிற இடத்தில் தோற்றத்துக்கு இடம் குறைகிறது, கோல் இல்லாத இடத்தில் கண்ணுக்குத் தெரிவதை வைத்து மதிப்புப் போடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே நான் கேட்பது பெரிய மனமாற்றம் இல்லை, சின்னச் சின்ன நடைமுறைகள்தான். சில சங்கங்களின் நேர்முகத் தேர்வுப் புள்ளித்தாளில் "தோற்றம்" என்று ஒரு நிரல் இருக்கிறது. அதை வெட்டிவிட்டு, அந்த வேலைக்குத் தேவையான ஒரு செயலைச் செய்துகாட்டச் சொல்லுங்கள், கணக்கேட்டைப் பதியச் சொல்லுங்கள். கூட்டத்தில் யாராவது உடுப்பைப் பற்றிப் பேசினால் மறிக்கவேண்டியவர் தலைமை தாங்குபவர், பேச்சுக்கு ஆளான பெண் இல்லை. "ஐயா, அது இண்டைக்கு நிகழ்ச்சி நிரலில இல்லை, ஏக்கரைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றால் போதும், சண்டை வேண்டாம். தலைமை வாய் திறக்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் சக உத்தியோகத்தர் சொல்லலாம். குறிப்பாக ஆண் ஒருவர் சொன்னால் மண்டபத்தில் சிரிப்பு வேகமாக அடங்குகிறது, இது பல இடங்களில் நான் கண்டது. பெண்களுக்கு நான் சொல்வது, விளக்கம் கொடுக்காதீர்கள், எண்ணைத் திரும்பச் சொல்லுங்கள் என்பதுதான். "சரி ஐயா. நாற்பது ஏக்கருக்குத்தான் தண்ணி காணும்."

பிரதேச சபை உறுப்பினர்களின் நிலை இன்னும் மோசம், அவர்களைப் பற்றிப் பேசுகிறவர்களை மறிக்க ஒரு தலைமை மேசை முகநூலில் இல்லை. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு 2016இல் சட்டமாகி, 2018 பெப்ரவரித் தேர்தலில்தான் முதலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அந்தச் சபைகளில் பெண்கள் இரண்டு வீதம் அளவில்தான். ஒதுக்கீட்டில் வந்தவர்களைக் கட்சிக்காரரே போஸ்டரில் வெளுப்பாக்கி ஒட்டினார்கள், பிறகு அந்தப் படத்தையும் நேரில் இருக்கும் முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பகிடி பண்ணினார்கள்.

எல்லாப் பேச்சும் சட்டத்துக்குள் வராது. ஆனால் பேச்சு பாலியல் பக்கம் திரும்பினால் வரும். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்டதில் இருந்து, வேலையிடத்தில் அதிகாரத்தில் இருப்பவர் விரும்பத்தகாத பாலியல் சொல்லோ செயலோ பாவிப்பது பாலியல் துன்புறுத்தல். ஐந்து வருடம்வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது. எங்கே போனாலும் திகதி, இடம், சொன்ன வார்த்தை, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் என்ற நான்கையும் அன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டு போங்கள். வட்ஸ்அப்பில் வந்ததென்றால் அழிக்க முதல் திரைப்பிடிப்பு எடுங்கள். மேலதிகாரியிடம் வாயால் மட்டும் முறையிட்டால் "அவர் பகிடிக்குச் சொன்னவர்" என்று அனுப்பிவிடுவார்கள். எழுத்தில் கொடுத்து, பிரதியில் கையொப்பமும் திகதி முத்திரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.