கோயில் வாசலில் நின்று குத்திய புள்ளி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் காலியாயின. மாரியம்மன் மட்டும் காட்டுக்குள் தனியாக இருக்கிறாள். திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைகள் சாலையோர ஒட்டுக்கடையில் நின்று வழி கேட்பார்கள். எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் இதற்காகவே ஒரு செயலி செய்தார். கோயில் இருக்கும் இடத்தை யார் வேண்டுமானாலும் அதன் வரைபடத்தில் புள்ளியாகக் குத்தலாம்.

புள்ளிகள் சேர்ந்ததும், "அண்ணே, எல்லாவற்றையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றிவிடட்டுமா?" என்று கேட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் புள்ளிகள் அவருடையவை அல்லவே.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய, எவரும் திருத்தக்கூடிய வரைபடத் தரவுத்தளம். 2012 செப்டம்பரிலிருந்து அது ஓடிபிஎல் உரிமத்தில் வெளிவருகிறது: தரவை எடுப்பவர் மூலத்தைச் சொல்ல வேண்டும், அதைத் திருத்திப் புதுத் தரவுத்தளமாக வெளியிட்டால் அதே உரிமத்தில் திறந்துவைக்க வேண்டும். தரவு கொடுப்பவருக்கும் ஒரு ஒப்பந்தம் உண்டு. அதில் தரும் அனுமதி நிரந்தரமானது, திரும்பப் பெற முடியாது. செயலியில் 'சம்மதம்' என்று தட்டியவர் தம்பிக்குத்தான் அனுமதி கொடுத்தார். அதை இன்னொருவருக்குக் கைமாற்ற, விதிமுறையில் அப்படி எழுதியிருக்க வேண்டும்.

உரிமம் மாறிய 2012இல், புது ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்காதவர்களின் பங்களிப்பை ஒரு நிரல் தேடித் தேடி நீக்கியது. ஆஸ்திரேலியாவில் நிறையச் சாலைகள் காணாமல் போயின.

இதைவிடச் சிக்கலானது, புள்ளி பிறந்த விதம். கோயில் வாசலில் நின்று கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டிய இடத்தைப் பதிந்தால் அது நம் சொந்த அளவீடு. வீட்டில் உட்கார்ந்து, செயலிக்குள் தெரியும் கூகுள் படத்தில் கூரையைத் தேடிக் குத்தினால் அது கூகுள் படத்திலிருந்து எடுத்தது. வேறு வரைபடத் தரவை உருவாக்கத் தன் படத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது கூகுளின் விதி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் அப்படி வந்ததை ஏற்பதில்லை. இரண்டு புள்ளியும் ஒரே அட்சரேகை, ஒரே தீர்க்கரேகைதான்! பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குத்தும்போதே எங்கிருந்து வந்தது என்று குறித்தால்தான் உண்டு.

அப்புறம், கோயிலுக்கு நடந்து போன வழியைக் கைப்பேசி பதிந்த தடத்தையும் கொடுப்பதென்றால் அது பெரும்பாலும் ஒருவருடைய வீட்டு வாசலில்தான் தொடங்கும். இரு முனைகளையும் வெட்டிவிட வேண்டும். சம்மதமும் மொத்த ஏற்றமும் தனித்தனிக் காரியங்கள். மொத்தமாக ஏற்றும் முன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வரைபடக்காரர்களிடம் பேச வேண்டும்.

தம்பி இப்போது செயலியில் தனிச் சம்மதக் கட்டமும், புள்ளி வந்த வழியைக் குறிக்கும் இடமும் வைத்திருக்கிறார். பழைய புள்ளிகளைப் பிரிக்க வழியில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் ஒவ்வொரு கோயிலாகப் போய் மறுபடி குத்துகிறார். போன வாரம் பெட்ரோலுக்கு நானும் 10 ரிங்கிட் கொடுத்தேன்.