மூழ்கிக் கிடக்கும் கோயிலைத் தேய்த்துக் கழுவலாமா?

மவுஸாகலை நீர்த்தேக்கம் வற்றத் தொடங்கினால் எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். அதற்குள் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் சண்முகநாதர் கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் தலை காட்டும் காலம் அது. “அண்ணே, நீங்கதான் சுழியோடி ஆச்சே. தண்ணி திரும்ப ஏறுறதுக்குள்ள கோயில தேச்சுக் கழுவி விட்டுறலாமா?” என்று ஹட்டன் பக்கத்துப் பொடியன்கள் கேட்பார்கள். தண்ணீர் நிறைந்த மாதங்களில் கேள்வி கொஞ்சம் மாறும். உள்ளே இறங்கிப் பாசியைச் சுரண்டினால் படம் பளிச்சென்று வருமே என்பார்கள்.

நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். ஆனால் என் பதில் மாறுவதில்லை. மனிதர்கள் அண்மையில் போட்ட குப்பையை எடுக்கலாம். தண்ணீரும் அதில் வாழும் உயிர்களும் ஏற்றிவைத்த படிவத்தில் சுழியோடி தன் இஷ்டத்துக்குக் கை வைக்கக் கூடாது.

சீசனில் நான் வேலை செய்வது கிழக்குக் கடலில். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாப் பக்கம் கிடக்கிறது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பலும் போனது. இரும்பின் மேல் கொட்டலசும் சிப்பியும் முருகையும் படிந்து, துருவோடும் சுண்ணாம்போடும் சேர்ந்து ஓடு மாதிரி இறுகிவிடும். பார்க்க அழுக்காகத்தான் இருக்கும். ஆனால் கடல்நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் உலோகத்தை எட்டாமல் பெருமளவு தடுப்பது அந்த ஓடுதான். பீரங்கியில் ஏதாவது எழுத்து தெரிகிறதா என்று கத்தியால் ஓரிடத்தைச் சுரண்டினால், அந்த இடத்தில் துரு புதிதாகத் தின்னத் தொடங்கும். ஹெர்மிஸோடு 307 பேர் இறந்தார்கள். அது அவர்களின் கல்லறையும்தான்.

அப்படியென்றால் எதையுமே சுத்தம் செய்யக் கூடாதா? செய்யலாம், உரியவர் செய்தால். இத்தாலியின் சான் ஃப்ருத்துவோசோ கரையோரம் 1954இல் கடலுக்குள் நிறுத்திய வெண்கல இயேசு சிலையை 2003இல் வெளியே எடுத்து, செப்பனிட்டு, 2004இல் திரும்ப இறக்கினார்கள். அதற்குச் சொந்தக்காரர் இருந்தார், பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அதே சிலையின் இன்னொரு வார்ப்பு 1965 முதல் அமெரிக்காவின் புளோரிடாக் கடலில் நிற்கிறது. அதில் முருகை வளர்ந்திருக்கிறது, சுற்றிலும் பாதுகாக்கப்பட்ட கடல். அங்கே போகிற வருகிற சுழியோடியெல்லாம் பிரஷ் எடுக்க முடியாது. நம் கடற்படை 2020இல் காலிக்கு அருகே சிற்பங்களை இறக்கியதே முருகையும் மீனும் வந்து சேரட்டும் என்றுதான். அதைத் தேய்த்தால் இறக்கியதற்கே அர்த்தம் இல்லை.

சரி, மலைநாட்டுக்கு வருவோம். நீர்த்தேக்கத்தில் முருகை இல்லை, உப்பும் இல்லை. பிறகு தேய்த்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். வற்றிய காலத்தில் கோயில் சுவருக்குப் பக்கத்தில் குந்திப் பாருங்கள். மேலே காய்ந்த சேறு வெடித்திருக்கும், அதன் கீழே பச்சையும் கறுப்புமாக ஒரு மெல்லிய பாசித்தோல். நகத்தால் அந்தத் தோலின் ஓரத்தைத் தூக்கினால் அதோடு சாந்தும் சேர்ந்து வரும். தேத்தண்ணியில் ஊறிய பிஸ்கட் போலத்தான் இருக்கிறது பூச்சு. எந்நேரமும் தண்ணீருக்குள் கிடக்கிற சுவர் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, அலையும் அடிக்கிற சுவர்தான் சீக்கிரம் போகும். மவுஸாகலையில் இருப்பது இரண்டாவது வகை. அதில் கம்பி பிரஷ் போட்டால் பாசி மட்டும் போகாது, இருக்கிற கொஞ்ச நஞ்ச வேலைப்பாடும் போய்விடும். வெள்ளை அடிப்பதும் வேண்டாம். தண்ணீர் ஏறினால் அது நிற்காது. உரிகிறபோது அடியில் இருக்கிற பூச்சையும் இழுத்துக்கொண்டு போகும்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்களைத்தான் இயல்பாகப் புராதனச் சின்னமாகக் கொள்கிறது. தோட்டங்களோடு சேர்ந்து வளர்ந்த ஊர் மஸ்கெலியா. தனியாக அறிவிக்காவிட்டால் அதன் கோயில் இந்தக் கணக்கில் வராது. நீருக்கடியிலுள்ள மரபுரிமைக்கான யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை, இருக்கிற இடத்திலேயே பாதுகாப்பதை முதல் வழியாகப் பார்க்கச் சொல்கிறது. ஆனால் அது நூறு வருடமாவது நீரில் கிடந்தவற்றுக்கு. பழைய மஸ்கெலியா தண்ணீருக்குள் போனதோ 1960களின் கடைசியில். நம் அப்பா, தாத்தா நடந்த தெரு எந்தப் பட்டியலுக்கும் இன்னும் வயது போதாமல் கிடக்கிறது.

நிரம்பிய நீர்த்தேக்கத்தில் அனுமதி இல்லாமல் இறங்கவே இறங்காதீர்கள். மின்நிலையத்துக்குத் தண்ணீர் போகிற வாய்க்குப் பக்கத்தில் இழுத்தால் எந்த நீச்சல்காரனாலும் திமிறி வர முடியாது. ஒரு உதை உதைத்தால் மலைச் சரிவுகளிலிருந்து வந்த வண்டல் கிளம்பும், அப்புறம் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. கடல்மட்டத்திலிருந்து 300 மீற்றருக்கு மேலே உள்ள ஊரில் எங்கே முக்குளித்தாலும் அது உயரமான இடத்து முக்குளிப்புதான், எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கடல்மட்டத்துக்குப் போட்ட அட்டவணை அங்கே செல்லாது. மஸ்கெலியா 1000 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. இன்னொன்று: திருகோணமலையில் காலையில் முக்குளித்துவிட்டு அன்று மாலையே நுவரெலியாவுக்கு பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து, முக்குளிக்கும்போது உடம்பில் கரைந்த வாயு குமிழியாகக் கிளம்பும்; அதனால் மலை ஏறுவதும் விமானம் ஏறுகிற மாதிரி ஆபத்துதான்.

குப்பை விஷயத்தில் தயக்கம் வேண்டாம். பொலித்தீன், சாராயப் போத்தல், கற்பூரப் பெட்டி, அறுந்த தங்கூசி வலை எல்லாவற்றையும் எடுங்கள். வலை கல்லிலோ சுவரிலோ சிக்கியிருந்தால் இழுக்காமல், சிக்கிய இடத்தைச் சுற்றி வெட்டி, விடுபட்டதை மட்டும் எடுங்கள். ஒட்டிக்கொண்டிருப்பது அங்கேயே இருக்கட்டும். சுவரில் பெயர் கிறுக்குகிறவனைக் கண்டால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கழுவிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கிறவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒவ்வொரு வறட்சியிலும் ஒரே இடங்களில் நின்று, ஒரே கோணத்தில், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். திகதியையும் நீர்மட்டத்தையும் எழுதுங்கள். ஒரு பிரதியைக் கோயில் நிர்வாகத்திடமும் இன்னொன்றைப் பிரதேச சபையிலும் கொடுங்கள். எந்தச் சுவர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று தெரிந்தால்தான், நாளைக்கு ஒரு நிபுணர் வந்து நின்றாலும் எங்கே கை வைக்கலாம் என்று அவரால் சொல்ல முடியும்.